தடுக்காமல் வாசிக்கிறான், கேட்டால் முழிக்கிறான்

கேள்வி: எம் பையன் ஒம்பதாம் வகுப்பு, தமிழ் வழி. பாடத்தை எடுத்தா தடுக்காம கடகடன்னு வாசிச்சிருவான். "புரிஞ்சுதால?"ன்னு கேட்டா "எல்லாம் புரிஞ்சிட்டும்மா"ங்கான். புத்தகத்தை மூடி வச்சிட்டு ஒரு கேள்வி கேட்டா முழிக்கான். பாடத்துக்குப் பின்னால உள்ள கேள்விய கைடைப் பாத்து மனப்பாடம் பண்ணி எழுதிருதான். உள்ள இருந்து மாத்திக் கேட்டுட்டா விட்டுட்டு வந்துருதான். சமூக அறிவியல்லயும் அறிவியல்லயும் மார்க் குறையுது. நான் எட்டாவது வரைதான் படிச்சேன். பீடி சுத்துதேன். சாயங்காலம் தட்டை மடியில வச்சுக்கிட்டு அவம் பக்கத்துல உக்காந்திருக்க முடியும், சொல்லிக் குடுக்கத் தெரியாது. ஒரு வீடியோவுல 'மெட்டாகாக்னிஷன்'னு சொன்னாங்க. அது என்ன? ட்யூஷனை மாத்தணுமா? சத்தமா வாசிக்கச் சொல்லலாமா?

— ஒரு தாய், முக்கூடல் பக்கம், திருநெல்வேலி மாவட்டம்

பதில்:

அம்மா, ட்யூஷனை இப்போதைக்கு மாற்ற வேண்டாம். உங்கள் பையனுக்குக் குறைவது பாடம் நடத்தும் ஆள் இல்லை. வாசித்துக்கொண்டிருக்கும்போதே "இந்த இடம் எனக்குப் பிடிபடவில்லை" என்று கண்டுகொள்ளும் பழக்கம்தான் அவனிடம் இல்லை. அந்தப் பழக்கத்தை உண்டாக்க உங்களுக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பாடம் தெரிந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் பிள்ளை திணறும் முன்பே விடையைச் சொல்லிவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் சொல்லப்போவதில்லை; அவன்தான் உங்களுக்கு விளக்க வேண்டும். எட்டாவது வரை படித்தது இந்த வேலைக்குத் தாராளம்.

மெட்டாகாக்னிஷன் என்ற பெயரை 1970களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஜான் பிளாவெல் என்ற அமெரிக்க உளவியலாளர். தமிழில் மீயறிதல் என்கிறார்கள், நாம் யோசிப்பதை நாமே கவனிப்பது என்று பொருள். பெயரை விடுங்கள், உங்கள் விரலுக்கு அது ஏற்கெனவே தெரியும். இலையில் தூளை வைத்துச் சுருட்டும்போதே, தூள் கூடிப்போனால் இறுகுவதும் குறைந்துபோனால் தொய்வதும் விரலில் தட்டுப்படுகிறது. உடனே பிரித்துச் சரிசெய்துவிடுகிறீர்கள். கடையில் கழித்துப் போடட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பதில்லை. ஒரு கை சுருட்டுகிறது, மனதின் ஒரு மூலை அந்தக் கையைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது. வாசிப்பில் அந்த மூலைதான் உங்கள் பையனிடம் தூங்குகிறது. கண் வரியில் ஓடுகிறது, வாய் சொல்லிக்கொண்டு போகிறது, கவனிக்க ஆள் இல்லை. தப்பு நடந்தது அவனுக்குத் தெரிவது பரீட்சைத் தாள் கைக்கு வரும்போதுதான்.

"எல்லாம் புரிஞ்சிட்டும்மா" என்று அவன் சொல்வது பொய் இல்லை. அவனுக்கு உண்மையிலேயே அப்படித்தான் தோன்றுகிறது. தடங்கல் இல்லாமல் வாசிக்க முடிந்தால் மனது அதையே புரிந்ததாகக் கணக்கு வைத்துக்கொள்ளும். 1979இல் எலன் மார்க்மன் என்ற ஆய்வாளர் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு சின்னக் கட்டுரையை வாசித்துக் காட்டினார். கடலின் அடி ஆழத்தில் வெளிச்சமே கிடையாது, அங்கே நிறம் தெரியாது என்று ஒரு வரி. அங்கே வாழும் மீன்கள் இரையை அதன் நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கின்றன என்று இன்னொரு வரி. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளில்கூடப் பலர் ஒரு குறையும் சொல்லவில்லை. ஆனால் "இதில் இடிக்கிற இடம் ஒன்று இருக்கிறது, பார்" என்று முன்கூட்டிச் சொன்னபோது பெரிய வகுப்புப் பிள்ளைகள் கூடுதலாகக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடிக்கும் திறமை அவர்களிடம் இருந்தது. தேட வேண்டும் என்ற எண்ணம்தான் இல்லாமல் இருந்தது.

அதனால் முதலில் நிறுத்த வேண்டியது "புரிஞ்சுதா?" என்ற கேள்வியை. அதற்கு வரும் "ஆமா"வை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

தொடங்குவதற்கு முன் மூன்று சின்னச் சோதனை செய்து பாருங்கள். மொத்தமே அரை மணி நேரம் ஆகும். அவன் இதுவரை வாசிக்காத ஒரு பக்கத்தில் நூறு வார்த்தையை எண்ணிக் குறித்து, சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பிழையை மட்டும் எண்ணுங்கள், இடையில் திருத்தாதீர்கள். ஐந்துக்குள் இருந்தால் கவலை இல்லை. பத்தைத் தாண்டினால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு அவனுக்குக் கனமானது. எழுத்தைக் கூட்டுவதிலேயே கவனம் தீர்ந்துபோகும் பிள்ளையிடம் "யோசித்து வாசி" என்று சொல்லிப் பயனில்லை. அடுத்து, வேறொரு பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டி, என்ன கேட்டான் என்று சொல்லச் சொல்லுங்கள். காதால் கேட்டால் நன்றாகச் சொல்கிறான், கண்ணால் வாசித்தால் சொல்ல முடியவில்லை என்றால் வாசிக்கும் வேலையே அவனைக் களைப்பாக்குகிறது. அப்போது கண் பரிசோதனை செய்துவிட்டு, பள்ளி வழியாக வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரை (கற்பதில் சிரமப்படும் பிள்ளைகளுக்கு உதவுபவர்) கேளுங்கள்.

மூன்றாவது, கீழே உள்ள பத்தியை ஒரு தாளில் எழுதி அவனிடம் கொடுங்கள். தப்பு இருக்கிறது என்று சொல்லாதீர்கள்.

'பனையின் பாளையைச் சீவிக் கலயம் கட்டுகிறார்கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால், சொட்டும் சாறு புளிக்காமல் பதநீராக இருக்கும். தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி கிடைக்கும். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறங்குவது மாலை வரை இனிப்பாகவே இருப்பதால் கருப்பட்டிக்கு அதையே எடுக்கிறார்கள்.'

வாசித்துவிட்டு "சரியா இருக்கும்மா" என்றால் நோய் எதுவென்று தெரிந்துவிட்டது. பிறகு, "ஒரு வரி இன்னொரு வரியோட சண்டை போடுது, எதுன்னு பாரு" என்று சொல்லுங்கள். இப்போது கண்டுபிடித்துவிட்டான் என்றால் பாதி வேலை முடிந்தது. கடைசி வரிதான் பொய் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள், மனதில் தப்பாகத் தங்கிவிடக் கூடாது. கடிதத்தைப் பார்த்தால் முதல் இரண்டிலும் தேறி மூன்றாவதில்தான் மாட்டுவான் என்று நினைக்கிறேன். இனி சொல்வதெல்லாம் அந்த நிலையில் உள்ள பிள்ளைக்கு.

ஒரு நாளைக்கு இருபத்தைந்து நிமிடம், ஒரே ஒரு பக்கம், வாரத்தில் ஐந்து நாள் போதும். முதலில் சமூக அறிவியலை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கதைபோல ஒரு தொடர்ச்சி இருக்கும், கலைச்சொல்லும் அறிவியலைவிடக் குறைவு. எல்லாப் பாடத்துக்கும் ஒரே நாளில் தொடங்கினால் மூன்றாம் நாள் அவனும் விட்டுவிடுவான், நீங்களும் விட்டுவிடுவீர்கள்.

வாசிக்கும் முன் இரண்டு நிமிடம். தலைப்பு, உள்தலைப்பு, படம், படத்துக்குக் கீழே உள்ள சிறு எழுத்து, இவ்வளவை மட்டும் பார்த்துவிட்டு "இதுல என்னத்தப் பத்திச் சொல்லப் போறாங்க?" என்பதற்கு ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். சொல்வது தப்பாகவே இருக்கட்டும். ஊகம் தப்பினால்தான் வாசிக்கும்போது "நான் நினைச்சது இது இல்லையே" என்று மனது முழித்துக்கொள்ளும். உள்தலைப்பைக் கேள்வியாக மாற்றச் சொல்லுங்கள். 'பாசன முறைகள்' என்று இருந்தால் "எத்தனை முறை, எது எதுக்கு ஒத்துவரும்?" என்று கேட்டுக்கொள்ளட்டும். பின்பக்கக் கேள்விகளை முதலிலேயே பார்த்துவிட்டு வாசிக்கச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் பாதிச் சம்மதம்தான். கைடுக்குப் பழகிய பிள்ளை விடை இருக்கும் வரியை மட்டும் வேட்டையாடிவிட்டு மீதியைத் தாண்டிப் போய்விடும். இரண்டு கேள்வியைப் பார்த்தால் போதும்.

வாசிக்கும்போது பத்தி முடிந்ததும் நிற்க வேண்டும். அந்தப் பத்தியைக் கையாலோ ஒரு அட்டையாலோ மறைத்துவிட்டு, என்ன சொல்லியிருக்கிறது என்று உங்களுக்கு ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். புத்தகத்தின் சொற்றொடரையே திருப்பிச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். "நம்ம பேச்சுல சொல்லுல" என்று கேளுங்கள். வீட்டுப் பேச்சுக்கு மாற்ற முடியாத வாக்கியம் இன்னும் அவனுடையதாக ஆகவில்லை.

அவன் சொன்ன பிறகு, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே நீங்கள் கேட்க மூன்று கேள்வி இருக்கின்றன. "எந்த வரியில அப்படி இருக்கு?" "'அது', 'இது', 'அவை'ன்னு வந்த இடத்துல எது?" "எந்த இடம் உனக்கு இடிக்கு?" மூன்றாவது கேள்விக்கு "ஒண்ணும் இல்ல" என்பது பதில் ஆகாது. பத்திக்கு ஒரு இடமாவது காட்டியாக வேண்டும், அது ஒரு சொல்லாக இருந்தாலும் போதும். புரியாததைச் சொன்னால் திட்டு விழும் என்று பள்ளிப் பிள்ளைகள் பழகிப்போயிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் இனி அதற்குத்தான் பாராட்டு.

எப்படி நடக்கும் என்று ஒரு பத்தியை வைத்துக் காட்டுகிறேன்.

'தாமிரபரணி பொதிகை மலையில் உற்பத்தியாகிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டும் அதன் நீர்ப்பிடிப்புப் பகுதிக்குக் கிடைக்கின்றன. அதனால் ஆற்றுப் பாசன வயல்களில் கார், பிசானம் என இரண்டு போகம் நெல் விளைகிறது. ஆனால் மாவட்டத்தின் மானாவாரி நிலங்கள் வடகிழக்குப் பருவமழையையே நம்பியிருக்கின்றன. ஏனெனில் தென்மேற்குக் காற்று கொண்டுவரும் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுகிறது.'

பையன் வாசித்துவிட்டு, "நம்ம ஊர்ல ரெண்டு மழையும் பெய்யுது, அதனால ரெண்டு போகம் விளையுது" என்பான். கேட்க நன்றாகத்தான் இருக்கும், நிறையப் பேர் சரி என்று விட்டுவிடுவார்கள். "எந்த வரியில?" என்று கேளுங்கள். இரண்டாவது வரியைக் காட்டுவான். "அதுல 'அதன்'னு இருக்கே, எதன்?" என்றால் "ஆத்தோட" என்பான். "அப்போ மழை எங்க பெய்யுது?" இங்கே அவன் நின்று பார்த்தாக வேண்டும். 'நீர்ப்பிடிப்புப் பகுதி' என்ற சொல்லைத் தாண்டிக் குதித்து வந்தது இப்போதுதான் அவனுக்குத் தெரியும். ஆற்றுக்குத் தண்ணீர் வடிந்து வரும் மலைப் பகுதி அது, நம்ம ஊர் இல்லை.

அந்தச் சொல்லைத் தாண்டியதால் என்ன கெட்டது என்று கேட்கலாம். கடைசி வரியில் இருக்கிறது. அங்கே தென்மேற்குக் காற்றின் ஈரத்தை மலை தடுத்துவிடுகிறது என்கிறார்கள். இரண்டாம் வரியிலோ தென்மேற்கு மழை கிடைக்கிறது என்றார்கள். ஒன்றோடொன்று இடிக்கிறதே! "நம்ம ஊர்ல ரெண்டு மழையும் பெய்யுது" என்று நினைத்துக்கொண்டு வாசிக்கும் பிள்ளைக்கு இந்த இடம் கட்டாயம் முரணாகப் பட வேண்டும். படவில்லை என்றால் அவன் கடைசி வரியை வாசிக்கவில்லை, உச்சரித்திருக்கிறான். இடிக்கிறது என்று கண்டுகொண்டான் என்றால் திரும்பிப் போய் 'நீர்ப்பிடிப்புப் பகுதி'யைப் பார்ப்பான், முடிச்சு அவிழும். மழை மலைமேல் விழுகிறது, மலையைத் தாண்டி இந்தப் பக்கம் ஈரம் அவ்வளவாக வருவதில்லை. மலையில் விழுந்த தண்ணீர் மட்டும் ஆறாக இறங்கி வந்து கார் பயிரை விளைவிக்கிறது. ஆற்றுத் தண்ணீர் எட்டாத நிலம் ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் காத்திருக்கிறது.

இந்த இடத்தில் நீங்கள் ஒன்று சேர்க்கலாம். ஆடி மாதம் குற்றாலத்தில் சாரல் விழும்போது உங்கள் வீட்டு வாசலில் பீடி இலை பறக்கிற காற்று மட்டும்தானே அடிக்கிறது? அவனுக்குத் தெரிந்த அந்தக் காற்றும் புத்தகத்தில் உள்ள 'தென்மேற்குக் காற்று'ம் ஒன்றுதான் என்று ஒருமுறை சேர்ந்துவிட்டால் அந்தப் பத்தியை அவன் மனப்பாடம் பண்ண வேண்டியதே இல்லை. "கார் பயிருக்கு நீர் எங்கிருந்து வருகிறது?", "மானாவாரி நிலத்தில் ஆடியில் ஏன் நெல் நட முடியாது?" என்று எப்படி மாற்றிக் கேட்டாலும் எழுதுவான். அந்தப் பத்தியில் இந்த இரண்டு கேள்விக்கும் நேரடி வரி கிடையாது என்பதைக் கவனியுங்கள். உள்ளிருந்து கேட்கிறார்கள் என்று பிள்ளைகள் புலம்புவது பெரும்பாலும் இப்படி இரண்டு வரியைச் சேர்த்துப் பார்க்க வேண்டிய கேள்விகளைத்தான்.

இரண்டாம் வாரத்திலிருந்து கையில் பென்சில் கொடுங்கள். சொந்தப் பேச்சில் சொல்ல முடிந்த பத்திக்குப் பக்கத்தில் ஒரு கோடு, இடித்த இடத்தில் ஒரு கேள்விக்குறி. 'ஆனால்', 'எனினும்', 'ஆகவே', 'ஏனெனில்', 'மாறாக', 'தவிர' போன்ற சொற்களைச் சுற்றி ஒரு வட்டம். மேலே உள்ள பத்தி முழுக்க 'அதனால்', 'ஆனால்', 'ஏனெனில்' என்ற மூன்று சொற்களில்தான் நிற்கிறது. வண்ணப் பேனாவால் வரிவரியாகப் பட்டை அடிப்பதை விட்டுவிடச் சொல்லுங்கள். கை வேலை செய்வதால் படித்த திருப்தி கிடைக்கும், தலைக்குள் ஒன்றும் ஏறாது.

கேள்விக்குறி போட்ட இடத்தை என்ன செய்வது? "திரும்ப வாசி" என்று மொட்டையாகச் சொன்னால் அதே வேகத்தில் அதே குருட்டாம்போக்கில் வாசிப்பான். அதற்கு முந்தைய வாக்கியத்திலிருந்து மெதுவாகத் தொடங்க வேண்டும். அப்படியும் தெளியாவிட்டால் அடுத்து வரும் இரண்டு வாக்கியத்தையும் வாசித்துப் பார்க்கலாம், சில நேரம் விளக்கம் பின்னால் வரும். சொல் தெரியாததுதான் சிக்கல் என்றால் அதைப் பிரித்துப் பார்க்கலாம். 'நீர்ப்பிடிப்பு' என்பதில் நீரும் பிடிப்பும் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கின்றன. அதற்கும் மசியாவிட்டால் நோட்டில் குறித்து மறுநாள் ஆசிரியரிடம் கேட்கலாம். ஆனால் தமிழ்ப் பாடப்புத்தகத்தில் பிள்ளைகள் வழுக்கி விழுவது சொல்லில் மட்டும் இல்லை, நீள வாக்கியத்தில். இது பெரிதாக யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஒன்றைப் பாருங்கள்.

'ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் கால்வாய்கள் வழியாகக் குளங்களில் தேக்கப்படும் நீர், மழை தாமதமாகும் காலத்திலும் பயிரைக் காக்கிறது.'

முன்னாலிருந்து வாசித்தால் ஆறு, அணைக்கட்டு, கால்வாய், குளம் என்று வரிசையாக வந்து, எதைப் பற்றிய வாக்கியம் என்பதே மறந்துவிடும். தமிழ் வாக்கியத்தின் சாவி வாலில் இருக்கிறது. கடைசி வினையைப் பிடிக்க வேண்டும்: காக்கிறது. எது? நீர். எதை? பயிரை. இந்த மூன்றும் கிடைத்துவிட்டால் வாக்கியம் கைக்குள் வந்துவிட்டது. இனி ஒவ்வொன்றாக உள்ளே போகலாம். எந்த நீர்? குளத்தில் தேங்கியது. குளத்துக்கு எப்படி வந்தது? கால்வாய் வழியாக. கால்வாய் எங்கே பிரிகிறது? அணைக்கட்டில். ஒரு நீள வாக்கியத்தை நாலு குட்டி வாக்கியமாக உடைத்துச் சொல்லச் சொல்லுங்கள். தினம் ஒரு வாக்கியம் உடைத்தால் மாதக் கடைசியில் அறிவியல் வரையறைகளும் அவ்வளவு பயமுறுத்தாது. பரீட்சையில் 'பொருந்தாததைத் தேர்ந்தெடு', 'தவறான கூற்று எது' என்ற கேள்விகளில் மார்க் போவதும் இதே காரணத்தால்தான். கண் முன்பாதியை வாசிக்கிறது, வாலை விட்டுவிடுகிறது. அந்த வாலுக்கு அடியில் கோடு போட்டுவிட்டுத்தான் விடையைப் பார்க்க வேண்டும்.

நான்காம் வாரம் வாக்கில் கடைசி வேலையைச் சேருங்கள். பக்கம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, மூன்று நிமிடம், நினைவில் உள்ளதைத் துண்டு துண்டாக நோட்டில் எழுத வேண்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை வேறு நிற மையில் சேர்க்க வேண்டும். அந்த வேறு நிறம்தான் அவன் மறுநாள் படிக்க வேண்டிய பாடம், மீதியைத் தொட வேண்டாம். இதைப் பிள்ளைகள் வெறுப்பார்கள், முன்பே சொல்லிவிடுகிறேன். திரும்பத் திரும்ப வாசிப்பது சுகமாக இருக்கும், மூடி வைத்து எழுதுவது தோற்றதுபோல் இருக்கும். 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது மூடி வைத்து நினைவுபடுத்திப் பார்த்தவர்கள் முன்னால் வந்தார்கள். பரீட்சை ஐந்து நிமிடம் கழித்து வருவதில்லை.

அதோடு ஒரு சின்ன விளையாட்டும் உண்டு. மறுநாள் காலை, பள்ளிக்குக் கிளம்பும் முன், நேற்றைய பக்கத்திலிருந்து ஐந்து கேள்வி. விடை சொல்வதற்கு முன் "எனக்கு எத்தனை வரும்" என்று அவன் நோட்டில் எழுத வேண்டும், பிறகு உண்மையில் எத்தனை வந்தது என்று பக்கத்தில் எழுத வேண்டும். முதல் வாரம் 5 என்று எழுதி 2 வாங்குவான். திட்ட வேண்டாம், இரண்டு எண்ணும் நெருங்கி வருகிறதா என்று மட்டும் பாருங்கள். 3 என்று எழுதி 3 வாங்குவது எங்கள் கணக்கில் பெரிய முன்னேற்றம், தனக்கு எது தெரியாது என்று அவனுக்குத் தெரியத் தொடங்கிவிட்டது. இதை இரவிலேயே செய்யாமல் காலைக்குத் தள்ளுவதற்குக் காரணம் உண்டு. வாசித்த சூட்டில் எல்லாமே தெரிந்ததுபோல் தோன்றும், ஒரு தூக்கம் கழிந்தால் உண்மை நிலவரம் வெளியே வரும். கேள்வியை யார் போடுவது? அவனேதான். முந்தின இரவு நோட்டில் எழுதி உங்களிடம் கொடுத்துவிட வேண்டும். நல்ல கேள்வி போடத் தெரிந்துவிட்டால் பாதிப் பாடம் படித்தாயிற்று.

தெருவில் அவன் வயதுப் பையன்கள் இரண்டு மூன்று பேர் இருந்தால் வாரத்தில் ஒரு நாள் திண்ணையில் சேர்த்து உட்கார வையுங்கள். ஒருவன் பத்தியைச் சுருக்கிச் சொல்வான், ஒருவன் கேள்வி கேட்பான், ஒருவன் இடிக்கும் சொல்லைத் தெளிவாக்குவான், ஒருவன் அடுத்த பத்தியில் என்ன வரும் என்று ஊகிப்பான். அடுத்த பத்திக்கு வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த நான்கு வேலையும் பலின்சார், பிரவுன் ஆகிய இருவர் 1984இல் வெளியிட்ட முறையில் உள்ளவை. அவர்கள் எடுத்துக்கொண்டது ஏழாம் வகுப்பில், தடுக்காமல் வாசிக்கத் தெரிந்தும் பொருள் பிடிபடாத பிள்ளைகளை. அதாவது உங்கள் பையனைப் போன்றவர்களை. சுமார் இருபது நாள் பயிற்சியில் மாற்றம் தெரிந்தது. எங்கே கெடும் என்றால், கெட்டிக்காரப் பையன் ஒருவனே நாலு வேலையையும் செய்துவிடுவான். அவனைக் கேள்வி கேட்கும் வேலையில் மட்டும் உட்கார வையுங்கள்.

வீட்டில் எங்கே கெடும்? இரண்டாம் வாரம் தாண்டியதும் அவன் உங்களைச் சமாளிக்கக் கற்றுக்கொள்வான். பத்திக்கு ஒரு கேள்விக்குறி என்றதால் ஏதோ ஒரு சொல்லில் குறி போட்டுவிட்டு "இது தெரியல" என்பான். அப்போது "தெரியலன்னா உனக்கு என்ன கெட்டுப்போச்சு, எந்த வரி ஓடல?" என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால் அது பொய்க் குறி. இன்னொன்று, இந்த நிறுத்தி நிறுத்தி வாசிப்பை அவன் ஆசையாக வாசிக்கும் கதைப் புத்தகத்தில் நுழைக்காதீர்கள், வாசிப்பே கசந்துவிடும். கணக்குக்கு இவ்வளவு தேவையில்லை. வாக்கியக் கணக்கை எண்களைச் சொல்லாமல் ஒருமுறை கதையாகச் சொல்லிவிட்டுப் போடச் சொன்னால் போதும்.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. பொருளே தெரியாத விஷயத்தில் எந்த உத்தியும் பலிக்காது. 1988இல் அமெரிக்காவில் பேஸ்பால் பற்றிய ஒரு பத்தியைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். வாசிப்பில் பின்தங்கிய, ஆனால் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கும், ஆனால் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். ஆகவே ஊர்ப்புற நூலகத்துக்கு வாரம் ஒரு தடவை அனுப்புங்கள். என்ன எடுக்கிறான் என்று பார்க்க வேண்டாம். கிரிக்கெட்டோ பாம்போ ராக்கெட்டோ, எதைப் பற்றியாவது நிறையத் தெரிந்துகொள்ளட்டும்.

கைடைப் பிடுங்கி வைக்காதீர்கள். இந்தப் பழக்கம் ஊன்ற ஆறேழு வாரம் ஆகும், அதற்குள் ஒரு தேர்வு வந்துவிடும். கைடு இருக்கட்டும், ஆனால் விடையைத் தானே எழுதிவிட்டு அதோடு ஒப்பிட்டுப் பார்க்க மட்டும். ட்யூஷன் ஆசிரியரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: பாடத்துக்கு இரண்டு கேள்வியாவது பின்பக்கத்தில் இல்லாததாகக் கேட்க முடியுமா என்று. அதற்கும் நேரமில்லை என்று அவர் சொன்னால், அப்போது மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

சத்தமாக வாசிப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பத்தி முழுக்கச் சத்தமாக வாசிக்க வேண்டாம். வாய் ஓடுவதில் தேர்ந்த பிள்ளை அவன். சத்தம் போட்டால் உச்சரிப்பில் போய்விடும் கவனம். மனதுக்குள் வாசித்துவிட்டு, நின்று, உங்களிடம் பேசுவதுதான் அவனுக்கு வேண்டியது. இரண்டு இடத்துக்கு மட்டும் விலக்கு. மேலே சொன்ன நீள வாக்கியத்தை உடைக்கும்போது சத்தமாகச் சொல்லலாம், எங்கே மூச்சு விடுவது என்று பார்த்தாலே துண்டுகள் தெரிந்துவிடும். அடுத்து செய்யுள். அதைச் சந்தி பிரித்து, ஒருமுறை ராகம் போடாமல், பேசுவதுபோல் சத்தமாக வாசிக்கட்டும். ராகத்தோடு மனப்பாடம் பண்ணுவதை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.